ஐந்து மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறான், விட்டுவிடலாமா?

பிப்ரவரி 6, மாலை 6.10 (கேள்வி)

சிறப்புப் பள்ளியில் சேர்ந்து இது எனக்கு இரண்டாவது வருடம். வகுப்பில் பதினோரு வயதுப் பையன் ஒருவன், டவுன் சிண்ட்ரோம். கை கழுவப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்றால் குழாய், சோப்பு, தேய்ப்பது, துடைப்பது எல்லாம் செய்கிறான். நான் நகர்ந்தால் குழாய்க்கு முன்னால் சிலை மாதிரி நிற்கிறான், தண்ணீரைக்கூடத் திறப்பதில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. "இது அவனுக்கு வராது என்று எழுதிவிட்டு அடுத்த இலக்குக்குப் போங்கள்" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.25

எழுதாதீர்கள். முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். குழாயில் கை வைப்பதற்குச் சற்று முன்னால் அவன் பார்வை எங்கே இருக்கிறது? குழாய் மேலா, உங்கள் மேலா?

பிப்ரவரி 7, காலை 6.50

"என் முகத்தைத்தான்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நினைத்தேன்.

அப்படியென்றால் அவன் ஐந்து மாதமாக ஒன்றும் கற்கவில்லை என்பது தப்பு. நன்றாகவே கற்றிருக்கிறான். "மிஸ் தலையாட்டினால் குழாயைத் திற" என்பதுதான் அவன் படித்த பாடம். அதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதையேதான் செய்தேன், உங்களைவிட அதிக நாள்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான்காவது வருடம் என்று ஞாபகம், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. மூன்று படஅட்டைகளைப் பரப்பி "எது சீப்பு?" என்றால் எடுத்துக் கொடுப்பாள். பத்துக்கு ஒன்பது சரி. பதிவேட்டில் எண்கள் அழகாக ஏறிக்கொண்டே போகும், நான் அதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுவேன். காய்ச்சலில் இரண்டு நாள் நான் வரவில்லை, இன்னொரு ஆசிரியை உட்கார்ந்தார். பத்துக்கு மூன்று. அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அப்புறம் வேறு எதற்கோ எடுத்த வீடியோவில் என்னைப் பார்த்தேன். அட்டைகளை வைக்கிறேன், கேட்கிறேன், கையிலிருக்கும் பேனாவின் முனை சரியான அட்டைப் பக்கம் ஒரு விரற்கடை சாய்கிறது. ஒவ்வொரு முறையும். அந்தப் பெண் அட்டைகளைப் பார்க்கவே இல்லை, பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடும் குதிரை, காலால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசையும், அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் குதிரையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் ஒப்பிடுவது என்னையும் அந்தக் குதிரைக்காரரையும்.

பிப்ரவரி 7, மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன். பதிவேட்டில் டிக், இன்ட்டு போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு உதவியோடு செய்தான் என்று ஒவ்வொரு படிக்கும் எழுதுங்கள். தானாக என்றால் "தா", சைகை காட்டினால் "சை", வாயால் சொன்னால் "வா", கையைத் தொட்டுச் செய்ய வைத்தால் "தொ". ஒரு வாரம் போதும். டிக் மட்டும் போட்டால் உங்கள் வேலையும் அவன் வேலையும் ஒரே கணக்கில் விழுந்துவிடும்.

பிப்ரவரி 9, இரவு 9.40

ஒரு வாரம் என்றேன், மூன்றே நாளில் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். முழுக்க "வா". அங்கங்கே "சை".

இந்த மாதிரி உதவிகளை நாங்கள் ப்ராம்ப்ட் என்றுதான் சொல்கிறோம், தமிழில் தூண்டல் என்று எழுதுகிறார்கள். எல்லாத் தூண்டலிலும் கழற்றுவதற்குக் கஷ்டமானது வாய்ச்சொல்தான் என்பது என் அனுபவம். கையைப் பிடித்துச் செய்ய வைத்தால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகலாம். "சோப்பு எடு" என்ற சொல்லை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவீர்கள்? "சோப்" என்று பாதியில் நிறுத்துவீர்களா? (நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பிள்ளை "பு" என்று முடித்துவிட்டுச் சும்மா நின்றான்.)

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்திவைப்பது கஷ்டம், கண்ணால் பார்த்தது நிற்கும். நாம் என்னடா என்றால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறோம். குழாய்க்கு மேலே படங்களை ஒட்டுங்கள். அவன் கையையே போட்டோ எடுத்து ஒட்டினால் இன்னும் நல்லது. நீங்கள் முன்னால் நிற்காதீர்கள், பின்னால் போங்கள். மறந்துவிட்டால் பேசாமல், பின்னாலிருந்து படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அவன் பார்வை உங்கள் முகத்தை விட்டுப் படத்துக்குப் போக வேண்டும். படம் அங்கேயே இருக்கும். நாளைக்கு நீங்கள் லீவு போட்டாலும் இருக்கும்.

அப்புறம், காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் சாதாரணப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். சாதாரண வகுப்புக்கே மூன்று. நம் பிள்ளைகளுக்கு நான் பத்து எண்ணுகிறேன். ஷூவுக்குள் கால்விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவேன், வாய் அசையாது. வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர் "மிஸ் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், பிரார்த்தனையா?" என்று கேட்டாராம்.

பிப்ரவரி 12, இரவு 11.05

நேற்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து எண்ணுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்துகிறேன்.

பாதி தெரிந்த விஷயத்துக்குத்தான் அது பொருந்தும். புத்தம்புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது பத்து நொடி காத்திருந்தால் பிள்ளை சும்மா நிற்காது, எதையாவது செய்யும். அந்த எதையாவதும் மனதில் பதிந்துவிடும். ஒரு பையன் குழாயைத் திறப்பான், நேராகத் துண்டை எடுக்கப் போவான், நான் "ம்ஹூம்" என்பேன், குழாயை மூடுவான், என்னைப் பார்ப்பான், மறுபடி திறப்பான். இரண்டு வாரத்தில் அது முழுசாக ஒரு சடங்காகிவிட்டது. திற, துண்டு, "ம்ஹூம்", மூடு, திற. நான் "ம்ஹூம்" சொல்லாத அன்று அவனே சொல்லிக்கொண்டான். என் குரலிலேயே.

ஹெர்பர்ட் டெரஸ் என்பவர் 1963இல் புறாக்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சொல்லிக் கொடுத்தார். ஆரம்பத்திலிருந்தே தப்பு நேராதபடி ஏற்பாடு செய்தால் தப்பே இல்லாமல், அல்லது மிகக் குறைவான தப்போடு கற்க முடியும் என்று காட்டினார். (குதிரைக்குப் பிறகு புறா. தெரியும்.) வகுப்பில் இதை இப்படிச் செய்கிறோம்: முதல் சில நாள் சொன்ன கையோடு உதவி, பூஜ்ஜிய நொடி. தப்புக்கே இடம் இல்லை. பிறகு உதவியை மூன்று நொடி, ஐந்து நொடி என்று தள்ளிப் போடுவது. அந்த இடைவெளியில் ஒருநாள் பிள்ளை நம்மை முந்திக்கொள்ளும்.

உங்கள் பையனுக்குக் கை கழுவத் தெரியும். அவனுக்குப் பத்து நொடி சரிதான். கூடவே படிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன்.

பிப்ரவரி 13, காலை 7.00

"படிகளை எத்தனையாகப் பிரிக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைக்குத் தகுந்த மாதிரி. புத்தகத்தில் இருப்பதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். நீங்களே குழாய்க்குப் போய், இடது கையால் தொடங்கி, ஒவ்வொரு அசைவையும் எழுதுங்கள். நான் முதலில் எட்டு என்று நினைத்தேன், செய்து பார்த்தால் பதினேழு வந்தது. சட்டைக் கையை மேலே ஏற்றுவதை நான் படியாகவே எண்ணியிருக்கவில்லை. அந்த ஒரு படி இல்லாததால்தான் ஒருத்தி கை கழுவவே மறுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு நனைவது அவளுக்குப் பிடிக்காது.

பிப்ரவரி 15, இரவு 10.10

கடைசியிலிருந்து தொடங்குவதைப் பற்றிக் கொஞ்சம். முதல் பதினாறு படிகளுக்கும் துணையாக இருங்கள், பதினேழாவதை மட்டும் அவனிடம் விடுங்கள். துண்டை மாட்டுவது. முடித்த திருப்தி அவனுக்கு. அது பிடிபட்டதும் பதினாறாவது. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதல் படியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் தினமும் வேலை முடிகிறது. ஐந்து மாதம் தோல்வியில் முடிந்த வேலையைத் தினமும் திரும்பத் தொடங்கு என்றால் நமக்கே கசக்கும்.

மார்க் கோல்ட் என்ற அமெரிக்கரை நினைவுபடுத்திக்கொள்கிறேன். 1970களின் ஆரம்பத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு, இவர்களால் எந்த வேலையும் ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக் கொடுத்தார். பாகங்களில் எந்தப் பக்கம் தன்னைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் மட்டும் நிறம். பேச்சு மிகக் குறைவு. தப்பான பக்கம் வைத்தால் "தப்பு" என்று சொல்வதில்லை, வேறு மாதிரி முயன்று பார் என்ற பொருளில் மூன்றே சொற்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த நிறம்தான். ஆளை மாற்ற முயலாமல் பொருளை மாற்றினார்.

பிப்ரவரி 16, காலை 6.40

மேலே எழுதியதில் "ஐந்து மாதம் தோல்வி" என்பது ரொம்பக் கடுமை. எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சில் ஈடார் என்ற மருத்துவர், காட்டில் கண்டெடுத்த விக்டர் என்ற பையனுக்கு 1801 வாக்கிலிருந்து சுமார் ஐந்து வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பேச்சு வரவில்லை என்று மனமுடைந்து விட்டுவிட்டார். அவரிடம் பாடம் கற்ற சேகன்தான் இந்தப் பிள்ளைகளுக்கான கல்வியை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். சேகனைப் படித்துத்தான் மான்டிசோரி அம்மையார் தொடங்கினார், அவரும் முதலில் நம் வகுப்புப் பிள்ளைகளைப் போன்றவர்களோடுதான். இன்று உலகம் முழுக்க வசதியான வீட்டுப் பிள்ளைகள் தொட்டுத் தடவிப் படிக்கிற பல சாமான்கள் நம் பக்கத்திலிருந்து போனவை. இதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு அவ்வப்போது ஒரு சாக்கு வேண்டும்.

பிப்ரவரி 20, இரவு 9.55

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவன் காதைப் பரிசோதித்திருக்கிறார்களா? எப்போது?

டவுன் சிண்ட்ரோமில் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சகஜம். கேட்கும் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒருநாள் கேட்கும், மறுநாள் கேட்காது, நாம் "இன்றைக்கு அடம் பிடிக்கிறான்" என்போம். கண் பார்வை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் பிள்ளை மந்தமாகும், அதையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவோம்.

நான் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு முழு வருடம் "கட்டளைகளைப் பின்பற்றுவதில்லை" என்று எழுதினேன். மூன்று பருவ அறிக்கையிலும் அதே வாக்கியம், என் கையெழுத்தில். காதில் நீர். சின்ன அறுவை சிகிச்சை. திரும்பி வந்த முதல் வாரம் நாற்காலி இழுபடும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டு அழுதான். அந்த அறிக்கைகளை அவன் அம்மா பத்திரமாக வைத்திருப்பார். அதை நினைத்தால் இன்னும் எனக்குக் கூசுகிறது.

பிப்ரவரி 23, இரவு 10.30

"அவன் மனவயது நான்குதான், நான்கு வயதுக் குழந்தைக்குக் கொடுப்பதைக் கொடுங்கள்" என்று ஒருவர் மேலே சொல்லியிருக்கிறார். இல்லை. தயவுசெய்து இல்லை.

பதினாறு வயதுப் பையன் பிளாஸ்டிக் வாத்தை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மீசை அரும்பியிருக்கும். எண்ணத்தான் வேண்டுமென்றால் நட்டு, போல்ட்டு எண்ணட்டும், மேஜைக்குத் தட்டு எண்ணி வைக்கட்டும். அதே ஒன்று, இரண்டு, மூன்றுதான். அவனுக்குப் பதினாறு வருட வாழ்க்கை இருக்கிறது, யாரைப் பார்த்தால் வெட்கப்பட வேண்டும் என்று தெரியும், தன்னைக் குழந்தையாக்குகிறார்கள் என்றும் தெரியும்.

மனவயதுக் கணக்கு, பிரான்சில் பினே, சிமோன் என்ற இருவர் செய்த அறிவுச் சோதனையிலிருந்து வந்தது. 1905இல் முதல் வடிவம், 1908 திருத்தத்தில் வயதுவாரியாகக் கேள்விகளை அடுக்கினார்கள். உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு என்பது கூட்ட முடியாத நிலையான அளவு என்று பேசியவர்களை பினே கடுமையாக மறுத்தார். அவர் மறுத்ததை விட்டுவிட்டோம், எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

2013இல் வந்த டி.எஸ்.எம். (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு) ஐந்தாம் பதிப்பு, குறைபாடு லேசானதா கடுமையானதா என்பதை ஐ.க்யூ. எண்ணை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டது. அன்றாட வாழ்க்கையில் எதை எவ்வளவு தானாகச் செய்கிறார், எவ்வளவு துணை தேவை என்று பார்க்கச் சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே. 48 என்ற எண்ணை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை நான் என்ன பாடம் எடுப்பது?

பிப்ரவரி 24, காலை 6.30

நேற்று வேகமாக எழுதிவிட்டேன். அந்த நண்பரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பழைய நோட்டுகளை இரவு புரட்டினேன். இரண்டாம் வருட நோட்டில் என் கையெழுத்திலேயே "மனவயது: 5" என்று நாலு பேருக்கு எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கும் ஒரே ஐந்து. எங்கிருந்து எடுத்தேனோ!

பிப்ரவரி 24, இரவு 8.15

இந்தப் பிள்ளைகளை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது, எதிர்பார்த்ததுதான். என் பங்குக்கு இரண்டு வரி. ஆங்கிலத்தில் இன்று வசவாக இருக்கும் இடியட், இம்பெசில், மோரான் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவ வகைப்பாடுகள். மோரானை காடர்ட் என்ற உளவியலாளர் 1910இல் உருவாக்கினார். அமெரிக்காவில் இந்தத் துறையின் பெரிய சங்கமே 2007இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. நம் மொழியில் மந்தபுத்தி போய், மனவளர்ச்சி குன்றியவர் போய், அறிவுசார் குறைபாடு வந்திருக்கிறது. இதையும் விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டால் அடுத்ததைத் தேட வேண்டியதுதான். நான் புதிய சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன். பெற்றோர் பழைய சொல்லைச் சொன்னால் அந்த இடத்தில் திருத்துவதில்லை. அவர்கள் வேறு எதையோ சொல்ல வந்திருப்பார்கள்.

மார்ச் 8, இரவு 9.20

ஆஹா! "இன்று நான் கதவோரம் நின்றேன், அவன் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கழுவினான், பதினேழில் பதினான்கு தா." முதலில் இதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

சரி, இப்போது கெட்ட செய்தி. உங்கள் இரண்டாவது வரி: "ஆனால் வீட்டில் செய்வதில்லையாம், அம்மா சொல்கிறார்." செய்ய மாட்டான். வீட்டுக் குழாய் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களா? பள்ளியில் திருகும் குழாய். வீட்டில் தூக்கும் பிடியாக இருந்தால் அவனுக்கு அது வேறு சாமான். நமக்கு இரண்டும் குழாய், ஏனென்றால் "குழாய்" என்ற ஒரே பெட்டியில் நாம் இரண்டையும் போட்டுவைத்திருக்கிறோம்.

ஸ்டோக்ஸ், பேயர் என்ற இருவர் 1977இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஓர் இடத்தில் பழக்கிவிட்டு மற்ற இடங்களிலும் தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் "பழக்கிவிட்டுக் காத்திரு" என்று சொல்லலாம். இந்த ஒரு தொடர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பல வருடம் இருந்தது. திருகும் குழாய், அழுத்தும் குழாய், தூக்கும் குழாய், கட்டி சோப்பு, திரவ சோப்பு என்று ஆரம்பத்திலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும் ஆளையும் மாற்ற வேண்டும்.

பணம் சொல்லிக் கொடுத்தபோது நான் பட்ட பாடு தனி. வகுப்பில் பிளாஸ்டிக் காசு வைத்து ஒரு பெண் கூட்டல்கூடப் போட்டாள். நிஜக் காசைக் கையில் கொடுத்தேன், "அழுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றோடு பிளாஸ்டிக் காசைத் தூக்கிப் போட்டேன். சில்லறை எண்ண வராத பிள்ளைகளுக்கு வேறு ஒரு வழி உண்டு. விலையின் முழு எண்ணுக்கு மேல் ஒரு நோட்டு சேர்த்துக் கொடுப்பது. ஏழே சொச்சம் என்றால் ஒன்று மதிப்புள்ள நோட்டு எட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கையை நீட்டி நிற்பது. பத்தின் கூட்டல் எதுவும் தெரிய வேண்டாம், கடை வேலை நடந்துவிடும். கணக்கு ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது.

மார்ச் 9, காலை 6.45

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த தொனி கொஞ்சம் இடித்தது. "நாங்கள் இங்கே கஷ்டப்பட்டுப் பழக்குகிறோம், அவர் வீட்டில் தானே கழுவிவிட்டுக் கெடுக்கிறார்."

நானும் பேசியிருக்கிறேன் இப்படி. ஓர் அம்மாவிடம் நேராகவே, "அம்மா, நீங்கள் செய்து கொடுப்பதால்தான் அவன் கற்கவில்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், "டீச்சர், காலையில் எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம், மூன்று பிள்ளைகள்" என்றார். அவ்வளவுதான். பதினேழு படிக்குப் பத்துப் பத்து நொடி காத்திருந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். கை கழுவ மட்டுமே கிட்டத்தட்ட மூன்று நிமிடம், அதுவும் காத்திருப்பு மட்டும். பல் துலக்க? சட்டை போட?

இப்போது ஒரே ஒரு படி கேட்கிறேன். விடுமுறை நாளில் மட்டும், துண்டை மாட்டுவது மட்டும். மற்றதை அவர் செய்யட்டும். இல்லை என்றால் அதுவும் சரி.

மார்ச் 19, இரவு 10.50

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிப்ரவரி 9இல் கையைப் பிடித்துச் செய்ய வைப்பதைப் பற்றிச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறேன், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று. அது சரியான வரிசைதான். ஆனால் அந்தக் கை யாருடையது?

ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்குப் பொத்தான் போடப் பழக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் கைகளின் மேல் என் கைகள். ஒருநாள் விரல்களைக் கல்லாக இறுக்கிக்கொண்டாள். நான் அதை "ஒத்துழையாமை" என்று எழுதினேன். அவளுக்குப் பேச்சு மிகக் குறைவு, "வேண்டாம்" என்று சொல்ல அவளிடம் வேறு வழி இல்லை. இருந்த ஒரே வழியையும் நான் பதிவேட்டில் குற்றமாக்கிவிட்டேன்.

யார் என்ன சொன்னாலும் செய், யார் தொட்டாலும் நில். பத்து வருடம் இதைப் பழக்கிவிட்டு வெளியே அனுப்பினால் என்ன நடக்கும்? அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாகத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். சொன்னபடி கேட்பதையே அவர்களின் ஒரே நல்ல குணமாகப் பாராட்டி வளர்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இப்போது நான் செய்வது: தொடுவதற்கு முன் கையை நீட்டிக் காட்டிக் காத்திருப்பேன். அவர்கள் கை என் கைக்கு மேல் வந்தால் சேர்ந்து செய்வோம், அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். வரவில்லை என்றால் அன்றைக்கு இல்லை. "வேண்டாம்" அட்டை ஒன்று எல்லார் மேஜையிலும் உண்டு. முதலில் அதைத்தான் பழக்குவேன். பிள்ளை அதைக் காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும், பார்க்க வந்தவர்கள் முன்னாலும். முதல் மாதம் வகுப்பே நடக்காது, எல்லாரும் அதையே காட்டிக்கொண்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். பிறகு அடங்கும். கழிப்பறைக் கதவைத் தாழிடுவதும் எங்கள் படிப் பட்டியலில் ஒரு படி. நான் வெளியே, அவர்கள் உள்ளே.

மார்ச் 20, காலை 7.05

"அப்படியானால் மருந்து வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா?" இல்லை. மருந்து, சாலையைக் கடப்பது இரண்டும் வேறு கணக்கு. அங்கே கேள்வியாகவே கேட்கக் கூடாது. "மருந்து சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்ற பிறகு வாயில் ஊற்றினால் அந்த அட்டைக்கு என்ன மதிப்பு? "இப்போது மருந்து. தண்ணீரோடா, பழச்சாறோடா?" என்று கேட்கலாம். இடமில்லாத இடத்தில் கேட்காமல் இருப்பதும் மரியாதைதான்.

ஏப்ரல் 4, இரவு 9.10

இரண்டு வாரமாகப் பருவ அறிக்கை வேலை, இங்கே எட்டிப் பார்க்கவில்லை. "முடியாது", "வராது" என்ற இரண்டு சொற்களையும் இந்தத் தடவை எந்த அறிக்கையிலும் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எளிது என்று நினைத்தேன். மூன்று இடத்தில் பேனா தானாகப் போய்விட்டது. (இந்தப் பேனாவோடுதான் எத்தனை தகராறு.) ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு, எந்த உதவியோடு எதுவரை செய்கிறார் என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்கு அதை எழுத எனக்கே தெரியவில்லை. அவளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை முதல் வேலை அவளுக்குப் பக்கத்தில் உட்காருவது.

ஏப்ரல் 11, மாலை 5.30

நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டேன். அவன் கை கழுவப் போனபோது நீங்கள் கூடவே போனீர்கள், அவன் வாசலில் திரும்பி நின்று, உங்கள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நீங்கள் வெளியே நின்று கால்விரலை மடக்கி எண்ணினீர்கள். முப்பது வரை போனதாம். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. முழங்கையில் சோப்பு நுரையோடு வந்து இரண்டு கையையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி நீட்டினான்.

முழங்கை நுரையை விடுங்கள். தள்ளிவிட்டதற்குத் திட்டவில்லையே? "மிஸ், வெளியே" என்று சொல்ல ஓர் அட்டை செய்து கதவில் மாட்டுங்கள், அடுத்த தடவை தள்ள வேண்டியிருக்காது.

ஏப்ரல் 11, மாலை 5.42

குழாயை மூடினானா? அதை எழுதவே இல்லையே.